பின்னல் தெரியணும்

முகத்தை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், ஆங், அப்படியே இருங்க, சிரிக்க வேண்டாம், சிரிக்கிற மாதிரி இருந்தால் போதும் என்று போட்டோக்காரர் கோபிநாத் சொல்லிக்கொண்டே இருந்தார். சிரிக்காமல் சிரிக்கிற மாதிரி இருப்பது எப்படி என்று ஜெசிந்தாவுக்கு விளங்கவில்லை. விளங்கினாலும் இன்றைக்கு அவள் முகம் அதற்கு இணங்குகிற நிலையில் இல்லை. வெல்டிங் பூத்துக்குள் ஸ்டூலில் உட்காரவைத்து, கழுத்திலிருந்து முழங்கால் வரை தோல் ஏப்ரனைக் கட்டி, முழங்கை வரை ஏறுகிற கையுறையை மாட்டி, தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதன் முகமூடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு, வலது கையில் உருகிப் படிகிற வெல்டிங் ராடு செருகிய ஹோல்டரைக் கொடுத்து, முன்னால் ஒரு இரும்புத் தட்டையும் வைத்துவிட்டார்கள். எல்லாம் புத்தம் புதுசு. ஏப்ரனிலிருந்து செருப்புக் கடை வாசனை வந்தது. இடது கையுறைக்குள் கம்பெனிக்காரன் வைத்த அட்டையைக்கூட யாரும் எடுக்கவில்லை, அது அவள் சுண்டுவிரலைக் குத்திக்கொண்டே இருந்தது. இத்தனை மாதமாக இதெல்லாம் எங்கே இருந்தது என்றால், வெல்டிங் சொல்லிக்கொடுக்கிற தனபால் சாரின் இரும்பு பீரோவுக்குள் இருந்தது. பையன்கள் ஓட்டை விழுந்த கையுறையைக் காட்டி வேறு கேட்டால் ஸ்டாக் இல்லை என்பார். போட்டோ என்றதும் ஸ்டாக் தானாக வந்துவிட்டது. கையில் ஹோல்டர் இருக்கிறது, ஹோல்டரில் ராடு இருக்கிறது, கரண்ட் மட்டும் இல்லை. சுவரோரம் இருக்கிற மெயின் சுவிட்சை சார் இறக்கி வைத்திருக்கிறார். தீப்பொறியைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்று தாளாளர் அமிர்தலிங்கம் சொல்லிவிட்டாராம். கம்ப்யூட்டரில் தீப்பொறி போட முடியுமானால் அப்படியே ஒரு பெண்ணையும் அதிலேயே போட்டுக்கொள்ள வேண்டியதுதானே, என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. கேட்காமல் விட்டு விட்டுத்தான் ஒரு வருஷம் ஓடிப்போய்விட்டது.

திருவெறும்பூர் தாண்டி பைபாஸ் ஓரமாக இருக்கிற இந்தத் தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பிரிவுக்கு அவள் ஒருத்திதான் பெண். மற்ற எல்லாரும் பையன்கள். அதனாலேயே எந்த விசேஷம் என்றாலும் முன்வரிசையில் அவளைத்தான் நிறுத்துவார்கள். மகளிர் தினத்துக்கு நிறுத்தினார்கள், புது மெஷினுக்குப் பொட்டு வைத்துத் திறந்தபோது நிறுத்தினார்கள், அந்த மெஷின் மேல் மறுநாளே தார்ப்பாய் போட்டு மூடியபோது மட்டும் யாரும் கூப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஃப்ளெக்ஸில் நீலக் கோட்டுப் போட்டுக் கையில் ஒரு பெரிய ஸ்பானரோடு அவள் நிற்கிறாள். வெல்டருக்கு எதற்கு ஸ்பானர். அதை யாரும் கேட்கவில்லை. அப்பா தன் லோடு ஆட்டோவை அந்த ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழேதான் நிறுத்துகிறார், அந்த ஸ்டாண்டில் அவருக்கு நிழல் கிடைக்கிற இடம் வேறு பக்கம் இருந்தும். புதிதாக யார் வந்தாலும் மேலே கையைக் காட்டி, என் மகள், வெல்டர், என்கிறார். வெல்டர். அந்த வார்த்தையை அவர் சொல்லும்போது ஜெசிந்தா ஆட்டோவுக்கு மறுபக்கம் போய் நின்றுகொள்வாள். வருகிற திங்கட்கிழமை பாய்லர் பாகம் செய்கிற ஒரு கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள். தட்டின்மேல் நேராக ஒரு பீடு போட்டுக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. உருகிய இரும்பு ஒரே சீராக ஒரு கோடாகப் படிந்து நிற்க வேண்டும். பையன்கள் பேசிக்கொண்டே போட்டுவிடுவார்கள். வெல்டர் ஜெசிந்தா, ஊரறிந்த ஃப்ளெக்ஸ் வெல்டர் ஜெசிந்தா, இதுவரை சொந்தமாக ஒரு பீடுகூடப் போட்டதில்லை.

போடவில்லை என்றால் அவளாகவா போடாமல் இருந்தாள். முதல் வாரம் எல்லாருக்கும் டிரை ரன். கரண்ட் இல்லாமல் கையைப் பழக்குவதுதான் அது. தட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ராடின் நுனியைக் கோட்டின்மேல் வைத்து, மெதுவாக, கை நடுங்காமல் இழுத்துக்கொண்டே போக வேண்டும். அடுத்த வாரம் பையன்களை ஒவ்வொருவராக பூத்துக்குள் அனுப்பிய தனபால் சார், அவள் முறை வந்ததும், நீ இன்னும் கொஞ்சம் டிரை ரன் பண்ணும்மா, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாளைக்கும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாளைக்கும் அதே. தீயாகத் திட்டுகிற மனுஷன் என்றாலாவது எதிர்த்துப் பேசலாம். அவர் அவளை ஒரு நாளும் திட்டியதில்லை. பையன்களைக் கெட்ட வார்த்தையில் கூப்பிடுகிறவர் அவளை மட்டும் அம்மா போட்டுத்தான் கூப்பிடுவார். மூஞ்சியில தீப்பொறி பட்டு ஒரு தழும்பு விழுந்துச்சுன்னா உங்க அப்பாவுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது, கட்டிக்குடுக்க வேண்டிய பொண்ணு என்பார். அவர் குரலில் உண்மையாகவே கரிசனம் இருக்கும். அந்தக் கரிசனத்தை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருத்தன் வேண்டுமென்றே கெடுதல் செய்தால் அவனை வெறுத்துவிட்டுப் போகலாம், நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே ஒருத்தியின் கையைக் கட்டிப்போடுகிறவரை என்ன செய்வது. வகுப்புக்கு வந்திருக்கும் ராடுகளில் அவள் பங்கும் உண்டு. சும்மாதானே இருக்கு என்று அதையும் பையன்கள் எரித்தார்கள். அவளுக்குக் கொடுத்த வேலை கசடு தட்டுவது. பீடு ஆறியதும் அதன்மேல் கறுப்பாக ஓடு கட்டியிருக்கும், அதைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, பிரஷ் போட்டுத் துலக்க வேண்டும். மற்றவர்கள் போட்டதையெல்லாம் அவள் தட்டினாள். தட்டிக்கொண்டே, மிச்ச நேரத்தில் மூலையில் உட்கார்ந்து செத்த ராடை சாக்பீஸ் கோட்டின்மேல் இழுத்தாள். கோடு தேய்ந்துபோகும், மறுபடி போடுவாள். அவள் இழுக்கிற மாதிரி யாராலும் நேராக இழுக்க முடியாது என்று பையன்களே சொல்வார்கள். அப்படிச் சொன்னபோது முதலில் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

ஹோல்டரைக் கொஞ்சம் உயரமாகப் பிடிக்கச் சொன்னார் கோபிநாத். கல்யாண வீட்டுக்கும் காதுகுத்துக்கும் படம் பிடித்துப் பழகியவர், அவளைத் தோடு தெரியத் திருப்பிப் பார்த்தார், கன்னத்தில் கொஞ்சம் கரி பூசினால் நன்றாக இருக்கும் என்றார். ஒரு பையன் ஓடிப்போய் விரலில் கரியோடு வந்தான். ஜெசிந்தா அந்த விரலை ஒரு பார்வை பார்த்தாள், அவன் அப்படியே நின்றுவிட்டான். கரி வேண்டுமாம் கரி. மாசி மாதத்தில் அவள் கண் வீங்கிப்போய்க் கிடந்ததே, அப்போது வந்து படம் எடுத்திருக்க வேண்டியதுதானே. கசடு தட்டுகிறவளுக்கு எதற்குக் கண்ணாடி என்று யாரும் கொடுக்கவில்லை. பக்கத்து பூத்தில் வெளிச்சம் வெடித்துக்கொண்டே இருக்கும், இவள் குனிந்து தட்டிக்கொண்டே இருப்பாள். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து படுத்தவளுக்கு இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டு யாரோ தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. அம்மா உருளைக்கிழங்கை வெட்டி வைத்தாள், அது போதாது என்று பக்கத்து வீட்டுச் செல்வராணி அக்கா, கைக்குழந்தைக்காரி, வந்து உட்கார்ந்து ஒரு சங்கில் தாய்ப்பால் பிழிந்து இரண்டு கண்ணிலும் விட்டாள். குளிர்ச்சியாக இறங்கியது. நெறைய வெல்டிங் அடிச்சியாடி என்று அக்கா பரிவாகக் கேட்டாள். ஆமாம் என்று சொன்னாள் ஜெசிந்தா. வேறு என்ன சொல்வது. அடிக்காத வெல்டிங்குக்குக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்றா சொல்வது. மூஞ்சியில் தழும்பு விழும், கண் கெட்டுவிடும் என்று சொல்லிச் சொல்லியே ராடு கொடுக்காத சார், மறுநாள் அவள் சிவந்த கண்ணைப் பார்த்து, பார்த்தியாம்மா, இதுக்குத்தான் சொன்னேன் என்றார். அன்றைக்கு அவள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகாமல் குனிந்து தட்டினாளே, அதை நினைத்தால் தன்மேலேயே ஆத்திரம் வருகிறது.

போய் என்ன செய்திருப்பாள். பி.காம். முடித்துவிட்டு டவுனில் ஜவுளிக்கடையில் நின்ற நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. சுடிதார் செக்‌ஷன். காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து நிற்க வேண்டும், கூட்டம் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும், சுவரில் முதுகு பட்டால் கண்காணிப்பாளர் கனைப்பார். ஒரு நாள் ஷட்டர் தூக்கவே முடியாமல் பாதியில் மாட்டிக்கொண்டது, பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒருத்தரைக் கூட்டிவந்தார்கள். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க, பாக்காதீங்க என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்து ராடை உரசினார். கடைப் பெண்கள் எல்லாரும் திரும்பிக்கொண்டார்கள், ஜெசிந்தா மட்டும் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். சடசடவென்று ஒரு சத்தம், எண்ணெய்ச் சட்டியில் ஈரம் பட்ட மாதிரி. அப்புறம் ஒரு நீல வெளிச்சம். முடிந்ததும் போய்ப் பார்த்தாள். இரண்டாக விட்டுப்போன இரும்பு ஒன்றாகி இருந்தது. ஒட்டவில்லை, கட்டவில்லை, ஒன்றாகவே ஆகியிருந்தது. அவரோ உட்கார்ந்து வேலை செய்தார், உட்கார்ந்தே காசு வாங்கினார், உட்காராதே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதிலிருந்து அவளுக்கு வேறு எதன்மேலும் மனசு போகவில்லை. வீட்டில் அம்மாதான் குதித்தாள், டிகிரி படித்துவிட்டுப் பட்டறைக்குப் போவார்களா என்று. அப்பா மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு நாலாம் நாள் சேர்த்துவிட்டார். ஆசைப்பட்டு வந்தாள், அதில் என்ன தப்பு. ஆசைப்பட்டவளுக்கு ஆசைப்பட்டதைச் சொல்லிக்கொடுக்கத்தானே இப்படி ஒரு இடம். இங்கேயும் ஸ்டூலில் உட்கார்ந்தாகிவிட்டது, ஹோல்டரும் கைக்கு வந்துவிட்டது, ஆனால் கரண்ட் இல்லை.

இல்லை, ஒரு தடவை கரண்ட் இருந்தது. அதைச் சொல்லவே அவளுக்குக் கூச்சம். சென்னையிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்த நாள். தாளாளர் நேராக அவளிடம் கூட்டிவந்து, எங்கள் மாணவி இப்போது செய்துகாட்டுவார் என்றார். அவள் செய்யவில்லை. தனபால் சார் பின்னால் வந்து நின்று, அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவரே உரசினார், அவரே தூக்கினார், அவரே இழுத்தார். கையுறைக்குள் அவள் கை, அவர் கைக்குள் அந்தக் கையுறை. இருட்டுக் கண்ணாடி வழியாக ஒரு பச்சை வெளிச்சம் நகர்ந்து போனதைப் பார்த்தாள், யாருடைய வெளிச்சமோ. அதிகாரிகள் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள், இன்றைக்கு வராத சிரிப்பு அன்றைக்கு எப்படி வந்ததோ. அன்றைக்கு மட்டும் அவள் கையை உதறியிருந்தால். ஆனால் ஒருவேளை, இந்த நினைப்புதான் ராத்திரி படுத்தால் வந்து மார்மேல் உட்காருகிறது, ஒருவேளை சார் சொல்வதே சரியாக இருந்தால். ஒருவேளை அவளால் முடியவே முடியாதோ. பையன்களுக்கு ஒரு வாரத்தில் வந்தது தனக்கு ஒரு வருஷத்திலும் வராதோ. செய்து பார்த்துத் தோற்றால் அது ஒரு தோல்வி, ஏற்றுக்கொள்ளலாம். செய்தே பார்க்காமல் முடியுமா முடியாதா என்று தன்னைத் தானே நோண்டிக்கொண்டிருப்பது என்ன பிழைப்பு. முடியாது என்றாலும் அது அவளுக்குத் தெரிய வேண்டாமா. அந்தத் தெரிதலைக்கூட அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்களே.

தாளாளர் வந்துவிட்டார், வெள்ளைச் சட்டையில் கசங்கல் இல்லாமல். கேமராவின் பின்பக்கத் திரையில் எட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பொம்பளைப் பிள்ளை என்றே தெரியவில்லையே என்றார். ஹெல்மெட்டுக்குள் கொண்டை போட்டிருந்த முடியை அவிழ்த்துப் பின்னலாக முன்னால் விடச் சொன்னார். பின்னல் தெரியணும், அதுதானய்யா விஷயமே என்றார். ஜெசிந்தா எதிர்ச் சுவரைப் பார்த்தாள். தலைமுடியை உள்ளே முடிந்துகொள்ளவும் என்று அங்கே பெரிய எழுத்தில் போர்டு இருந்தது, பக்கத்தில் ஒரு மண்டை ஓட்டுப் படமும். தனபால் சாரும் அந்த போர்டைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அப்போதுதான் கோபிநாத் தயங்கித் தயங்கிச் சொன்னார், கம்ப்யூட்டரில் போடுகிற பொறி பொய்யாகத் தெரியும், பெரிய ஃப்ளெக்ஸ் என்றால் ரொம்பவே தெரியும், நிஜமாக அடித்தால் ஒரே ஷாட்டில் அள்ளிவிடலாம் என்று. நிஜமாக என்ற வார்த்தையைக் கேட்டதும் ஜெசிந்தாவின் முதுகு நிமிர்ந்தது. அவளையும் மீறி வலது கை ஹோல்டரை இறுக்கியது. தாளாளர் தனபால் சாரைப் பார்த்தார், சார் அவளைப் பார்த்தார், பார்த்த வேகத்திலேயே பார்வையைத் திருப்பிக்கொண்டு, ரியாஸ் எங்கே என்றார். மூஞ்சியை மூடிட்டா யாருன்னு தெரியவா போகுது சார் என்று தாளாளரிடம் சொன்னார். நல்ல யோசனை என்று அவரும் தலையாட்டினார்.

ரியாஸ் வகுப்பிலேயே நன்றாகப் போடுகிறவன், மெலிந்த உடம்பு, அதனால் அவனைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. ஜெசிந்தாவை எழுந்திருக்கச் சொன்னார்கள். ஏப்ரனை அவிழ்த்து அவனுக்குக் கட்டினார்கள், அவள் கையின் சூடு ஆறாத கையுறையை அவன் மாட்டிக்கொண்டான். ஆபீஸில் உட்காருகிற அம்சா அக்காவின் சவுரியைக் கேட்டு வாங்கிவந்து, அதை ஹெல்மெட்டுக்குள் சொருகி, பின்னலை அவன் தோளில் முன்பக்கமாக எடுத்துவிட்டார்கள். அம்சா அக்கா ஆபீஸ் வாசலில் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். பையன்கள் விசிலடித்தார்கள். வேணாம் சார், அசிங்கமா இருக்கு என்றான் ரியாஸ். அவன் அவளைப் பார்க்கவில்லை. நல்ல பையன்தான், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தன் பூத்தில் உட்கார்ந்து அடித்துப் பார் என்று ஒரு முறை அவளிடம் சொல்லியிருக்கிறான், போய்ப் பார்த்தால் மெயின் சுவிட்சை சார் இறக்கிவிட்டுப் போயிருந்தார். இப்போது சார் அதே சுவிட்சைத் தூக்கினார். மெஷின் உறுமத் தொடங்கியது. எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள, கோபிநாத் லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடித் துண்டைப் பிடித்துக்கொண்டு எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். ஜெசிந்தா திரும்பிக்கொள்ளவில்லை, முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தரையில் நீல வெளிச்சம் ஓடியது, அதில் ஒரு பின்னல் போட்ட தலையின் நிழல் பெரிதாக ஆடியது. அங்கே வெல்டிங் அடித்துக்கொண்டிருப்பது ஜெசிந்தா. ஃப்ளெக்ஸில் அப்படித்தான் இருக்கப்போகிறது. அதை எங்கே கட்டுவார்கள் என்றும் அவளுக்குத் தெரியும், பெண்கள் மேல்நிலைப் பள்ளி வாசலில் கட்டுவார்கள். பிளஸ் டூ முடித்த ஒருத்தி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று அண்ணாந்து பார்ப்பாள். அட, ஒரு பொண்ணு எவ்வளவு தைரியமாக அடிக்கிறாள் என்று நினைப்பாள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்து சேருவாள். அவள் கையில் சார் ஒரு சாக்பீஸைக் கொடுப்பார், நாளைக்குப் பார்க்கலாம்மா என்பார். அந்தப் பெண்ணை இங்கே இழுத்துவந்தது யார் என்றால் ஜெசிந்தா. இதுவரை அவளை ஏமாற்றினார்கள், சரி, அது அவள் தலையெழுத்து என்று வைத்துக்கொண்டாலும், இனிமேல் அவளை வைத்து அடுத்தவளை ஏமாற்றப்போகிறார்கள். இதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை.

பிரமாதம், பிரமாதம் என்றார் தாளாளர் கேமராவைப் பார்த்து. ரியாஸ் சவுரியைப் பிடுங்கி எடுத்துவிட்டு எழுந்துபோனான். மறுபடி ஏப்ரன், மறுபடி கையுறை, மறுபடி ஹெல்மெட், எல்லாம் ஜெசிந்தாவுக்கு வந்தன, கொண்டையை அவிழ்த்துப் பின்னலை முன்னால் விடவைத்தார்கள். கடைசியாக ஒரு படம் பாக்கி இருந்தது, முடித்த தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, முகம் தெரிய, பின்னல் தெரிய, பெருமையாக. தனபால் சார் தட்டை மேஜைமேல் வைத்து, வழக்கம்போல் சுத்தியலை அவள் பக்கம் நீட்டினார். கசடைத் தட்டிப் பளிச்சென்று ஆக்கிவிட்டுப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். எத்தனையோ பேருடையதைத் தட்டிய கை, கேட்டதும் நீளுகிற கை, இன்றைக்கு நீளவில்லை.

"அது நான் போட்டது இல்ல சார்" என்றாள்.

"தெரியும்மா. தட்டு."

"நான் போடாததை நான் போட்டேன்னு பிடிச்சுக்கிட்டு நிக்க மாட்டேன்."

தாளாளருக்கு முதலில் இது விளையாட்டாகத்தான் பட்டது. "யார் போட்டா என்னம்மா, டிரெஸ்ஸு உன்னோடதுதானே" என்றார். சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவருக்கு உண்மையிலேயே அதில் தப்பு எதுவும் தெரியவில்லை, இதைப் புரிந்துகொண்ட அந்த நிமிஷத்தில் ஜெசிந்தாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. இவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது. பின்னலைச் சுருட்டிக் கொண்டையாக்கி ஹெல்மெட்டுக்குள் தள்ளினாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்து ஒரு முழு ராடை உருவி ஹோல்டரில் செருகினாள், அது அவளுடைய பங்கு, ஒரு வருஷப் பங்கில் ஒன்று. தட்டைத் திருப்பிப் போட்டாள், மறுபக்கம் வெறுமையாக இருந்தது. மெஷின் இன்னும் உறுமிக்கொண்டுதான் இருந்தது, யாரும் சுவிட்சை இறக்க ஞாபகம் வைக்கவில்லை. முகமூடியைச் சாய்த்ததும் உலகம் இருட்டிவிட்டது.

இருட்டுக்குள் அவள் மூச்சு அவளுக்கே பெரிதாகக் கேட்டது. கை போனது, போய்த் தன் பழக்கத்தைச் செய்தது. ராடின் நுனியைத் தட்டின்மேல் வைத்து, வைத்த இடத்திலேயே விட்டது, ஒரு வருஷமாக சாக்பீஸ் கோட்டின்மேல் வைத்து வைத்துப் பழகியது அப்படித்தான். கரண்ட் ஓடுகிற ராடை அப்படி வைக்கக் கூடாது. உரசிய கையோடு கொஞ்சம் தூக்கிவிட வேண்டும், புத்தகத்தில் இருக்கிறது, கேட்டால் ஒப்பிப்பாள், ஆனால் கைக்குத் தெரியாது. ராடு தட்டோடு ஒட்டிக்கொண்டது. மெஷினின் உறுமல் கனத்தது, ராடு சிவக்க ஆரம்பித்தது. திருகி எடும்மா, திருகி எடு என்று சார் கத்தினார். திருகினாள், வந்தது. பின்னால் யாரோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். மறுபடி உரசினாள், மறுபடி ஒட்டியது, மறுபடி திருகினாள். மூன்றாவது தடவை எப்படியோ மணிக்கட்டு கொஞ்சம் மேலே போய்விட்டது, இருட்டுக்குள் ஒரு பச்சைச் சூரியன் பிறந்தது. சடசடவென்ற சத்தம் நேராக அவள் கைக்குள் வந்து இறங்கியது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். இரும்பு கண்ணெதிரே தண்ணீராகி நின்றதைப் பார்த்தாள். அப்புறம் அதே பழக்கம், கை தானாகத் தாழ்ந்தது, ஒட்டிக்கொண்டது, இருட்டு. முகமூடியைத் தூக்கிவிட்டாள். தட்டில் கோணல்மாணலாக ஒரு பொட்டு, அதன்மேல் நட்டுவைத்த மாதிரி ராடு. கோபிநாத் கேமராவைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"அண்ணே, இப்ப எடுங்க" என்றாள் அவரிடம். "இந்த ஒட்டிக்கிட்டு நிக்கிறதோட எடுங்க. ஒரு வருஷமா இங்க எனக்குக் கத்துக்குடுத்தது இதுதான். இதைப் பெருசாப் போட்டு ஸ்கூல் வாசல்ல கட்டச் சொல்லுங்க."

எடுக்காதேய்யா என்றார் தாளாளர். கோபிநாத்தின் விரல் அழுத்தியதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. தனபால் சார் குனிந்து அந்தத் தட்டையே பார்த்தார், அதில் ஒட்டி நின்ற ராடைப் பார்த்தார், தொழில் தெரிந்த மனுஷன், அந்தக் கை ஏன் அப்படிச் செய்தது என்று அவருக்கு விளங்காமல் இருக்காது. எழுந்திரும்மா, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். குரல் மெதுவாகத்தான் வந்தது. ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. ராடைத் திருகி எடுத்தாள், நுனியில் பூச்சு உதிர்ந்திருந்ததைத் தரையில் தேய்த்துச் சரிசெய்தாள். தூக்க வேண்டும், உரசியதும் தூக்க வேண்டும், வைக்கக் கூடாது, வைக்கக் கூடாது என்று கைக்குச் சொன்னாள். இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு சார் மெயின் சுவிட்சைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார். அவர் போய்ச் சேருவதற்குள் இன்னும் ஒரு தடவை உரசிவிடலாம். அவள் முகமூடியைச் சாய்த்தாள்.